பாம்புக்குச் சுட்டால் கத்தத் தெரியாது! - செல்லப் பாம்பின் ஹீட் மேட்டில் கவனம் தேவை

டிசம்பர் மாத இரவு. பிரிட்டனின் ஏதோ ஒரு நகரத்தில் சின்னதாக ஒரு வீடு. செலவைக் குறைக்க ஹீட்டரை அணைத்துவிட்டுக் குடும்பமே கம்பளிக்குள் சுருண்டிருக்கிறது. வரவேற்பறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு பால் பைதான். தொட்டிக்கு அடியில் கறுப்பாக, காகிதம்போல மெல்லிசாக ஒரு தகடு. பிளக்கில் செருகியதும் சூடாகிற அந்தத் தகட்டின் பெயர் ஹீட் மேட்.

'பாவம், குளிரில் கிடக்காமல் கதகதப்பான இடமாகப் பார்த்துப் படுத்திருக்கிறதே' என்று வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி. இரண்டு நாளாகப் பாம்பு இடத்தைவிட்டு நகரவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூண்டைச் சுத்தம் செய்யத் தூக்கும்போதுதான் தெரிகிறது, வெள்ளையாக இருந்த அடிவயிற்றுச் செதில்கள் பழுப்பாகிச் சில இடங்களில் கொப்புளம் கட்டியிருப்பது.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. இத்தனைக்கும் இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய காயம். ஒரு சின்னக் கருவியும், தினமும் இரண்டு நிமிட கவனிப்பும் இருந்தால் போதும்.

பாம்புக்கு ஏன் வெளிச்சூடு?

நமக்குக் குளிரெடுத்தால் உடம்பே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பாம்புக்கு அந்த வசதி இல்லை. சுற்றுப்புறத்திலிருந்து வாங்கும் சூடுதான் அதன் உடம்புச் சூடு. வெயில் பட்ட பாறையில் கொஞ்ச நேரம், நிழலான பொந்தில் கொஞ்ச நேரம் என இடம் மாறி மாறியே தன் உடல் வெப்பநிலையைச் சரிசெய்துகொள்ளும்.

சூடு குறைந்தால் என்ன ஆகும்? தின்ற எலி செரிக்காது. அப்படியே வெளியே கக்கிவிடும். தொடர்ந்து குளிரில் கிடந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்து, மூச்சுக்குழாயில் தொற்று வரும். வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூக்கில் குமிழ் குமிழாகச் சளி வருவதும் அதன் அறிகுறிகள்.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பால் பைதான் ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் போன்ற வெப்பமான நாடுகள் அதன் சொந்த ஊர். அதன் கூண்டில் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரையும் இருக்கும்படி வளர்ப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குக் கொஞ்சம் குறைவாக, சூடான பக்கம் 28 முதல் 30 வரை இருந்தால் போதும்.

இங்கே முக்கியமான சொல் 'பக்கம்'. கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி. இரண்டு முனையிலும் பதுங்கிக்கொள்ள ஒவ்வொரு பெட்டி. எங்கே இருப்பது என்பதைப் பாம்பு முடிவு செய்யும். அந்த வாய்ப்பைப் பறிக்காமல் இருப்பதுதான் வளர்ப்பவரின் வேலை.

நிறுத்தத் தெரியாத தகடு

இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே மின்சாரம் பாயும்போது சூடாகும் கார்பன் பட்டைகள் அல்லது மெல்லிய கம்பிகள். ஹீட் மேட்டின் அமைப்பு இவ்வளவுதான். பெரும்பாலானவை குறைந்த வாட்ஸில் இயங்குபவை. 'நைட் லேம்ப் அளவுக்குக் கரன்ட் இழுக்கிற இது என்ன பண்ணிவிடப் போகிறது?' என்ற அலட்சியம் அங்கேதான் பிறக்கிறது.

நம் வீட்டு அயர்ன் பாக்ஸில் குறிப்பிட்ட சூடு வந்ததும் 'டிக்' என்று விளக்கு அணையும். சாதாரண ஹீட் மேட்டில் அப்படி எதுவும் கிடையாது. பிளக்கில் இருக்கும்வரை சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு காற்றில் கலந்து போக வழி இருந்தால் பிரச்னை இல்லை. மேலே கண்ணாடி, அதன்மேல் மரச்சீவல், அதன்மேல் சுருண்டு படுத்த பாம்பு என்று மூடிக்கொண்டால், சூடு போக இடமில்லாமல் அங்கேயே சேரும். கட்டுப்பாடு இல்லாத மேட்டின் மேற்பரப்பு 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூழ்நிலையைப் பொறுத்து 50-ஐக்கூட எட்டலாம்.

'50 டிகிரிதானே, கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரியாச்சே' என்று தோன்றலாம். சூட்டுக்காயத்தில் எவ்வளவு சூடு என்பதைப் போலவே எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். 1947-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் இருவரும் இதை அளந்து காட்டினார்கள். 44 டிகிரி சூடு தொடர்ந்து சுமார் 6 மணி நேரம் பட்டாலே மனிதத் தோல் புண்ணாகும். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஹாட் வாட்டர் பேக்கை வயிற்றில் வைத்தபடியே தூங்கிப்போனவர்களுக்குக் காலையில் கொப்புளம் எழும்புவது இதனால்தான். இது மனிதத் தோலின் கணக்கு. ஒரே இடத்தில் நாள் கணக்கில் அசையாமல் படுக்கும் பாம்பை இதோடு பொருத்திப் பார்த்தால் ஆபத்து புரியும்.

சுட்டால் நகர்ந்துவிடாதா?

எல்லோருக்கும் வரும் கேள்வி இது. அதுவும் பால் பைதானின் உதட்டோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. இருட்டில் ஓர் எலியின் உடல்சூட்டைத் தூரத்திலிருந்தே உணரும் குழிகள் அவை. இந்த வெப்ப உணர்வுக்குக் காரணமான புரதத்தை 2010-ல் அடையாளம் காட்டியது விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

அவ்வளவு நுட்பமான பாம்பு ஏன் சூட்டில் கிடந்து வேகிறது? அந்தக் குழிகள் இருப்பது முகத்தில், அடிவயிற்றில் அல்ல. மேலும், இயற்கையில் பாம்புக்குச் சூடு பெரும்பாலும் மேலிருந்து, சூரியனிடமிருந்து வருகிறது. தரைக்கு அடியில் போனால் குளிர்ச்சி என்பதுதான் அதன் அனுபவம். கூண்டில் எல்லாம் தலைகீழ். சூடு தாங்காமல் மரச்சீவலைத் தோண்டிக்கொண்டு கீழே போனால், அங்கேதான் மேட் இருக்கிறது!

அறை குளிர்ந்து கிடக்கும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கூண்டுக்குள் வேறெங்கும் கதகதப்பு இல்லை. முதுகு குளிர, வயிறு சுட, பாம்பு அந்த ஒரே இடத்தைவிட்டு நகர மறுக்கிறது. நாய் என்றால் குரைக்கும், பூனை என்றால் துள்ளி ஓடும். பாம்பு சத்தம் போடாமல் படுத்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சுகமான தூக்கமாகத் தெரியும்.

காவல்காரர் பெயர் தெர்மோஸ்டாட்

எனவே விதி ஒன்றுதான்: தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை பிளக்கில் செருகவே கூடாது. பிரிட்டனின் விலங்கு நலத் தொண்டு நிறுவனமான ஆர்.எஸ்.பி.சி.ஏ-வும் ஊர்வன வளர்ப்புக்கான வழிகாட்டுதல்களில் இதை வலியுறுத்துகிறது.

மேட்டின் பிளக்கைத் தெர்மோஸ்டாட்டில் செருக வேண்டும். தெர்மோஸ்டாட்டைச் சுவரில் செருக வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் வரும். அதன் நுனியில் இருக்கும் சென்சார்தான் சூட்டை அளக்கிறது. நாம் வைத்த அளவை எட்டியதும் மின்சாரம் நிற்கும், குறைந்ததும் மறுபடி வரும். மேட்டுக்கு இந்த எளிமையான ஆன்-ஆஃப் வகையே போதும்.

இதில் பலர் கோட்டைவிடுவது சென்சாரை வைக்கும் இடத்தில். காற்றில் தொங்கவிட்டால் அது குளிர்ந்த காற்றை அளந்து, 'இன்னும் சூடு வரவில்லை' என்று மேட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். சென்சார் இருக்க வேண்டிய இடம், பாம்பு படுக்கும் சூடான பரப்பு. மேட்டுக்கும் தொட்டியின் அடிக்கண்ணாடிக்கும் நடுவே வைக்கலாம். அல்லது தொட்டிக்குள், மேட்டுக்கு நேர்மேலே, தரைக்கண்ணாடியோடு ஒட்டி இருக்கும்படி வைக்கலாம்.

உள்ளே வைத்தால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. பாம்பு உடம்பால் தள்ளி சென்சாரை இடம் மாற்றிவிடும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தோ கழிவு பட்டோ ஈரமானால், சென்சார் உண்மையைவிடக் குறைவான அளவைக் காட்டலாம். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். மேட் நிற்காமல் சூடாகும். அதனால், சென்சார் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது கட்டாயம்.

அமெரிக்கப் புத்தகங்களும் வீடியோக்களும் ஃபாரன்ஹீட்டில் பேசுவதையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் 90 என்று சொல்வது நம் கணக்கில் சுமார் 32 டிகிரி செல்சியஸ். அளவைத் திருகும் முன் எந்த அலகு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

திருகில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

கூடாது. தெர்மோஸ்டாட்டில் 32 என்று வைத்திருந்தாலும், பாம்பு படுக்கும் இடத்தில் 29-ஆகவும் இருக்கலாம், 36-ஆகவும் இருக்கலாம். தனியாக அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூண்டின் சுவரில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் காட்டுவது அந்தச் சுவரோரக் காற்றின் சூட்டைத்தான். தரையில் 45 டிகிரி இருந்தாலும் அது சாதுவாக 26 காட்டும். சென்சார் வயருள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைச் சூடான பக்கத் தரையிலும் மற்றொன்றைக் குளிர்ந்த பக்கத்திலும் வைப்பதே சரி.

துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் உதவும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு ஆகாது. அது உடல் காய்ச்சலை அளக்க மட்டுமே செய்யப்பட்டது. பரப்பின் சூட்டை அளக்கும் சாதாரண வகைதான் வேண்டும். கூண்டுக் கதவைத் திறந்து, மரச்சீவலை விலக்கி, தரையை நேராகக் குறிவைக்க வேண்டும். வெளியே நின்று கண்ணாடி வழியாகக் குறிவைத்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும்.

புதுக் கூண்டு என்றால், பாம்பை விடுவதற்கு முன் ஒரு முழு நாளாவது மேட்டை ஓடவிட்டு, காலை, மதியம், இரவு என அளந்து பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். சூடான தரையில் 35 டிகிரிக்கு மேல் காட்டினால் அளவைக் குறைத்து, மறுபடி சோதித்த பிறகே பாம்பு உள்ளே போக வேண்டும்.

மேட் வைக்கும்போது கவனிக்க...

* மேட் தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் போதும். தரை முழுக்கப் பரப்பினால் பாம்புக்கு ஒதுங்க இடமே இருக்காது.

* கண்ணாடித் தொட்டியை மேசையோடு ஒட்டி வைக்காமல், நான்கு மூலையிலும் சிறு கால்கள் வைத்துக் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும்.

* மேட்டுக்கு மேலே மரச்சீவலோ தேங்காய் நார்த்தூளோ மெல்லிய அடுக்காக இருக்கட்டும். கனமாகக் கொட்டினால் மேலே சூடு வராது, அடியில் சூடு சேரும்.

* மேட்டை மடிக்கவோ, சுருட்டவோ, வெட்டவோ கூடாது. உள்ளிருக்கும் கம்பி முறிந்த இடத்தில் தீப்பொறி கிளம்பலாம். கரிந்த தடம், உப்பல், பிளாஸ்டிக் கருகும் வாசனை தெரிந்தால் அந்த மேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

* மரக்கூண்டு என்றால் அடியில் மேட் வைப்பதில் பயனில்லை. மரம் சூட்டைக் கடத்தாது. சூடு தேங்கி மரமே கருகும் அபாயம் உண்டு.

* கூண்டுக்குள் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பாம்பின் உடம்பு அதில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது செதிலோடு தோலும் உரியும்.

* வயர் சுவிட்ச் போர்டுக்குப் போகும் வழியில் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட வேண்டும். தண்ணீர் வழிந்தால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

* 'ஹீட் ராக்' என்ற பெயரில் விற்கும் சூடாகும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம். ஒரு பகுதி மட்டும் அதிகமாகச் சூடாகிக் காயப்படுத்துவதில் அது பெயர்போனது.

உடல் பருத்த பெரிய பாம்புகளுக்கு ஹீட் மேட் ஏற்றதல்ல. பாம்பின் கனமான உடம்பே கம்பளிபோல மூடிச் சூட்டை அடியில் தேக்கிவிடும். அவற்றுக்கு மேலிருந்து சூடு தரும் ஹாலோஜன் விளக்கோ, வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டரோதான் பொருத்தம். இந்த விளக்குகள் காற்றையும் முதுகையும் சூடாக்குவதால், சின்னப் பாம்புகளுக்கும் இவற்றையே விரும்புகிறவர்கள் பெருகி வருகிறார்கள். ஆனால், அங்கேயும் தெர்மோஸ்டாட் வேண்டும். பாம்பு விளக்கைச் சுற்றிக்கொள்ளாமல் இருக்கக் கம்பிவலையும் வேண்டும்.

கோழிக்குஞ்சு சொல்லும் பாடம்

கிராமத்தில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை. பல்பை விட்டு விலகி ஓரமாக ஒண்டினால் சூடு அதிகம். எங்கும் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி.

பாம்பும் இதே பாஷையில்தான் பேசுகிறது. எந்நேரமும் சூடான பக்கத்திலேயே ஒட்டிக் கிடந்தால், கூண்டு குளிர்ந்திருக்கலாம். எந்நேரமும் குளிர்ந்த பக்கத்திலோ தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளோ கிடந்தால், சூடு மிஞ்சியிருக்கலாம். இரை தின்றதும் சூட்டுப் பக்கம், பிறகு மறுபக்கம் என இடம் மாறிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மீட்டரைப் பார்ப்பதோடு பாம்பு எங்கே படுத்திருக்கிறது என்பதையும் பார்க்கப் பழக வேண்டும். பாம்பைத் தூக்கும் நாள்களில் அடிவயிற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

கரன்ட் போனால்? பதற வேண்டாம். ஆரோக்கியமான பாம்பு சில மணி நேரக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். கூண்டின்மேல் போர்வை போர்த்திச் சூட்டைத் தக்கவைக்கலாம். ஆனால், கரன்ட் வந்ததும் அந்தப் போர்வையை எடுத்துவிட வேண்டும். குளிர் பாம்பை மெதுவாகத்தான் பாதிக்கும்; மிஞ்சிய சூடு மிக வேகமாகக் கொல்லும்.

சுட்டுவிட்டது... என்ன செய்வது?

செதில்கள் சிவந்தோ பழுத்தோ இருந்தால், கொப்புளமோ நீர்க்கசிவோ தெரிந்தால், முதலில் மேட்டின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அப்போதுதான் நேர்ந்த காயம் என்றால், ஓடும் சாதாரணத் தண்ணீரில் அந்த இடத்தைக் குளிர்விக்கலாம். ஐஸ் கூடாது. வீட்டிலிருக்கும் களிம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. மரச்சீவல் காயத்தில் ஒட்டும் என்பதால், சுத்தமான டிஷ்யூ பேப்பர் விரித்த பெட்டிக்கு மாற்றி, ஊர்வன வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும்.

மேலாகப் பார்க்கும்போது சின்னதாகத் தெரியும் காயம், சில நாள்கள் கழித்துத்தான் எவ்வளவு ஆழம் என்று காட்டும். கிருமித் தொற்று ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும், பல முறை சட்டை உரித்த பிறகே தோல் தேறும். அதற்கு மாதங்கள் ஆகும். தழும்பு நிரந்தரமாகவும் தங்கலாம்.

நம்மூரில் என்ன நிலவரம்?

நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு என நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் விவாதத்துக்கே இடமில்லை. பால் பைதான் போன்ற வெளிநாட்டுப் பாம்பு, சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2024-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, இப்படிப் பட்டியலிடப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குள் பால் பைதான்கள் பிடிபட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 'பேப்பர் எல்லாம் அப்புறம் வரும்' என்று விற்பவரிடம் வாங்குவது, அந்தக் கடத்தலுக்குத் துணைபோவதாகவே முடியும்.

முறைப்படி பதிவு செய்து வளர்ப்பவர்களுக்கும் நம்மூர்க் கணக்கு வேறு. பிரிட்டனுக்காக எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்து, அக்னி நட்சத்திரத்தில் சென்னை ஃபிளாட்டில் மேட்டைப் போட்டால் என்ன ஆகும்? அறையே 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பாம்புக்குத் தேவை குளிர்ச்சியான மூலைதான். இங்கே மேட் அணைந்தே கிடக்க வேண்டிய மாதங்கள் அதிகம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கதை வேறு. எந்த ஊராக இருந்தாலும், முதலில் அறையின் சூட்டை அளந்துவிட்டே மேட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பால் பைதான் நல்ல பராமரிப்பில் 20, 30 ஆண்டுகள்கூட வாழும். இன்று பத்து வயதில் ஆசைப்பட்டுக் கேட்கும் பிள்ளை, கல்யாணமாகிக் குடும்பமான பிறகும் அந்தக் கூண்டு வீட்டில் இருக்கும். அத்தனை ஆண்டுகளும் அந்த உயிருக்கு வெயிலும் நிழலும் நாம் செருகும் ஒரு பிளக்கில்தான் இருக்கின்றன. கூண்டுக்குள் கைவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்து, மீட்டரை ஒரு பார்வை பார்த்து, சென்சார் இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய இரண்டே நிமிடம் போதும். விளக்கணைத்துத் தூங்கப் போகும் முன் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்க முடியாதென்றால், பாம்பு வளர்க்கும் ஆசையையே ஒதுக்கிவிடுவது அந்த உயிருக்கு நல்லது!